கோவம் உன் மேல இல்ல

பேரையூரில் நான் வளர்ந்த வீட்டில் அன்றைய வானிலையை மொபெட்டின் ஸ்டாண்டுதான் சொல்லும். அப்பா பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்து வாசலில் ஸ்டாண்டை மெதுவாக இறக்கினால் டி.வி. ஓடலாம், தம்பி பம்பரம் விடலாம், அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்ட கதையைக் கேட்டு முடிக்கலாம். டமார் என்று இறக்கினால் தொலைந்தோம். தம்பி மொட்டை மாடிக்கு ஓடுவான். நான் கைக்குக் கிடைத்ததை விரித்து வைத்துப் படிப்பேன். ஒருமுறை அவசரத்தில் கிடைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அதையும் வரி விடாமல் மனப்பாடம் செய்தேன், தாய்மாமன்கள் பெயர் உட்பட. அம்மா அடுப்படிக்குப் போய்க் குழம்பை மறுபடி நாக்கில் விட்டு உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள்.

உப்புதான் முக்கியம். சில்லறை இல்லாமல் ஏறியவன், படியை விட்டு உள்ளே வராதவன், டிப்போவில் நாலு பேர் முன்னால் பேசிவிட்ட செக்கிங் இன்ஸ்பெக்டர், எல்லாரும் கூட்டமாக வந்து எங்கள் வீட்டுக் குழம்பின் உப்பில் உட்கார்ந்துகொள்வார்கள். உடனே தட்டு பறக்கும். அந்த எவர்சில்வர் தட்டு சுவரில் பட்டு, தரையில் உருண்டு, கிணுகிணுவென்று சுற்றி அடங்கும் வரைக்கும் நாங்கள் யாரும் மூச்சு விட மாட்டோம். அம்மாதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தட்டையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டுத் தினமும் வாழை இலையில் பரிமாற ஆரம்பித்தாள். இலையை எறிய முடியாது. எறிந்தாலும் பாதி எறிந்தவர் வேட்டியில்தான் விழும். விவரம் தெரியாத சொந்தக்காரர்கள் அசந்து போனார்கள். "கண்டக்டர் வீட்ல தினமும் இலைச் சாப்பாடாம்ப்பா, புருஷனுக்கு எம்புட்டு மரியாதை!" அம்மா மறுத்துப் பேசவில்லை.

'அப்பா கெட்டவர் இல்லை' என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம். நானும் எழுதிவிடுகிறேன், உண்மையும் அதுதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். ஆனால் பயம் பயம்தான், அதை அன்பு வந்து அழித்துவிடாது. கல்யாணமாகி மதுரைக்கு, அவனியாபுரத்துக்கு வந்த பிறகும், தெருவில் எவனாவது ஸ்டாண்டு போட்டால் ஒரு நொடி என் கை வேலையை நிறுத்திவிடும்.

நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏர்போர்ட் ரோட்டை ஒட்டி ஒரு காலி மனை, அதுதான் என் பள்ளிக்கூடம். "காலத் தூக்குக்கா! காலத் தூக்கு! ரோட்டப் பாரு, என்னயப் பாக்காத!" என்று காலையிலிருந்து கத்தினால்தான் சாயங்காலம் சோறு. என் குரலுக்கு ஷேர் ஆட்டோக்கள் வேகம் குறைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பயந்தவள் பிரேக்கைப் பிடிக்க மாட்டாள், கையில் இருக்கிற ஆக்சிலேட்டரை இன்னும் இறுக்கி முறுக்குவாள். அதனால் புதிதாக ஓட்டுகிறவளைப் பார்த்துக் கத்தவே கூடாது. இதை என்னிடம் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் கத்தித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பு கடையும் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. எங்கள் குடும்பம் ஒற்றுமையாக நடப்பதில் அந்தக் காதுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள், நாலாம் வகுப்பு. நான் அவளைத் திட்டுவேன், மிரட்டுவேன், 'உன்னப் பெத்ததுக்கு' என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுவேன். ஆனால் தட்டை எறிந்ததில்லை. நல்ல அம்மா என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு தகுதி போதும் என்று இருந்தேன்.

ஒருநாள் என் வண்டியை ஒரு மாணவி கொண்டுபோய் இளநீர்த் தள்ளுவண்டியில் மோதிவிட்டாள். அவளுக்கு அடியில்லை, இளநீருக்கு நல்ல அடி. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் டி.வி. முன்னால் மிக்சர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

என் மகள் எழுந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். டி.வி. அணைந்தது, மிக்சர் சோபாவுக்கு அடியில் போனது, கணக்கு நோட்டு மடியில் வந்தது. அந்தப் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். மகள் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எங்கம்மா இல்ல" என்று மூச்சு விட்டாள். பிறகு தோழிக்குப் பாடம் எடுத்தாள். "எங்கம்மா வண்டிய மெதுவா வச்சாங்கன்னா பரவாயில்ல. டப்புன்னு வச்சாங்கன்னா கோவம். அப்ப பேசவே கூடாது."

வாசலில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். பேரையூரில் நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வித்தை அவனியாபுரத்தில் இவளுக்கு எப்படி வந்தது? நான் பட்ட பயத்தை இவள் படக் கூடாது என்பதைத் தவிர இந்தப் பிள்ளை விஷயத்தில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. டாக்டராக வேண்டும் என்றுகூட நான் நினைத்ததில்லை. இருந்த ஒரு ஆசையிலும் மண் விழுந்துவிட்டது.

மெக்கானிக்கிடமிருந்து வண்டி வந்த அன்றே வைத்தியத்தை ஆரம்பித்தேன். எவ்வளவு எரிச்சலோடு வந்தாலும் ஸ்டாண்டை மட்டும் தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோல இறக்கினேன். இறக்கிவிட்டு உள்ளே போய் வழக்கம்போலக் கத்தினேன். சில நாள் கழித்து மகள் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள். "அம்மா, வண்டிய டப்புன்னே வைங்கம்மா. இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

புயலை அப்படியே வைத்துக்கொண்டு எச்சரிக்கைக் கூண்டை மட்டும் கழற்றியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்கவா?" என்றார்.

அந்த மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற கவுன்சிலர் மேடம் ஒருவர் வந்திருந்தார். சின்ன வயதில் பயந்தே வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயம் உடம்பிலேயே தங்கிவிடும், பெரிசான பிறகும் விடாது என்றார். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். ஆனால் நம்பி ஓடி வர வீட்டில் பெரியவர் ஒருத்தர் இருந்தால் போதும், பிள்ளை நிமிர்ந்துவிடும் என்றும் சொன்னார். கேள்வி கேட்கலாம் என்றதும் நான்தான் முதலில் எழுந்தேன்.

"அப்ப கோவமே படக் கூடாதா மேடம்? நாங்க மதுரைக்காரங்க."

கூட்டம் கைதட்டியது. மேடமும் சிரித்தார். "படலாம். ஆனா எதுக்குக் கோவம்னு பிள்ளைக்குத் தெரியணும். தெரியலன்னா தன்னாலதான்னு அது நெனச்சுக்கும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு நான் நினைத்ததும் அதுதானே. நான் சத்தமாகச் சிரித்ததால், ஜடையை ஒழுங்காகப் பின்னாததால், கணக்கில் கம்மியாக வாங்கியதால்தான் தட்டு பறக்கிறது என்று. டிப்போ என்று ஒன்று இருப்பதே அப்போது என் கணக்கில் இல்லை.

அன்று முதல் வாசலிலேயே அறிவிப்பு. வண்டியை நிறுத்தியதும், உள்ளே போவதற்கு முன், நான் என் நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். என் குரல் கிரவுண்டுக்கென்று பழகிய குரல்.

"அம்மாக்கு இன்னிக்குக் கோவம்! ஒருத்தி பிரேக்கப் புடிக்கச் சொன்னா கண்ண மூடுறா! உன் மேல இல்ல!"

உள்ளிருந்து பதில் வரும். "சரிம்மா!"

"அம்மாக்குத் தலவலி! உன் மேல கோவம் இல்ல! டி.வி. சத்தத்தக் கொற!"

"சரிம்மா!"

எல்லா நாளும் இது ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் தெருவே சிரிக்கும். பாதி நாள் அறிவிப்பில் ஆரம்பித்துத் திட்டில் போய் முடியும். அப்போது மகளே நடுவில் கேட்பாள், "அம்மா, இது எது மேல?" நான் யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்தால் பாதிக் கோபம் போய்விடும், மீதிப் பாதிக்கு நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் வண்டியைத் துடைப்பேன். என் வண்டி அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் பளபளத்ததில்லை.

மகளுக்குப் புரிந்துவிட்டது. தெருவுக்குத்தான் புரியவில்லை. தினமும் ஒரு பெண் வாசலில் நின்று 'உன் மேல இல்ல, உன் மேல இல்ல' என்று கத்துகிறாள் என்றால், பிள்ளை மேல் இல்லாத கோபம் வேறு யார் மேல் இருக்கும்? வீட்டில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ஆள்தான். டீக்கடையில் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். "என்ன மாப்ள, தங்கச்சி தினமும் வாசல்ல நின்னு சத்தம் போடுதாமே?" பட்டறையிலிருந்து நேராக வந்தவர், காதில் பாதி விழுந்ததை வைத்து, "ஆமாண்ணே, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமாதானக் குழு வந்துவிட்டது. எதிர் வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர், டீக்கடை அண்ணன், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். என்னை ஒரு பக்கமும் என் வீட்டுக்காரரை ஒரு பக்கமும் உட்காரச் சொன்னார்கள். "ஆம்பளன்னா அப்பிடி இப்பிடி இருக்கத்தான் செய்வான், நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி இப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. டீக்கடை அண்ணன் அவரிடம், "மாப்ள, அந்தப் பழக்கத்த விட்ரு" என்றார். எந்தப் பழக்கம் என்று அவருக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் இவர், "விட்டுர்றேண்ணே" என்று தலையாட்டினார்.

மகள்தான் நடுவில் நின்று விளக்கினாள். கோபம் வந்தால் எதுக்கு என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் அம்மா சொல்கிறாள், அவ்வளவுதான். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "அம்புட்டுதானா?" என்றார் அக்கா. அவருக்கு ஏமாற்றம்தான். பழத்தை வைத்துவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று கொஞ்சம் யோசித்து வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் எதிர் வீட்டு வாசலிலிருந்து அக்கா குரல் கேட்டது. "தண்ணி லாரி வரல, அதான் கடுப்பு! யார் மேலயும் இல்ல!" அவர் மகன் காலேஜ் படிக்கிறவன். அவன் பயந்து வெளியே ஓடி வந்தான்.

இப்படி ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குக் கண்ணில் புரை. மதுரையில் ஆபரேஷன், பிறகு சில வாரம் எங்கள் வீட்டில். அம்மாவால் அவரோடு வர முடியவில்லை, முழங்கால் வலியாம். போனில் அதைச் சொன்ன குரலில் ஒரு வலியும் இல்லை, பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளையின் குரல்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, பிரஷர் இருப்பதால் உப்பைக் குறைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கத்தக் கூடாது என்றும் சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரை சொல்லவில்லை.

அப்பா வீட்டில் கால் வைத்த நிமிஷம் நான் சின்னப் பிள்ளையாகிவிட்டேன். ஷேர் ஆட்டோவை மிரள வைக்கிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் செருமினால் போதும், நான் கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பேன். மார்க்கெட்டுக்குப் போனவள் என்னையறியாமல் ஒரு கட்டு வாழை இலையோடு திரும்பி வந்தேன். வீட்டுக்காரர், "வீட்ல என்ன விசேஷம்?" என்றார். பேரையூர் வீட்டில் அதற்கு விசேஷமே தேவையில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று, "எனக்கு இன்னிக்கு அழுகையா வருது! கணக்கு டெஸ்ட்டு! யாரும் எதுவும் கேக்காதீங்க!" என்று அறிவித்தாள். அப்பா திகைத்துப்போனார். "என்ன மாப்ள, வீடா இது, பஸ் ஸ்டாண்டா?" என்றார் வீட்டுக்காரரிடம். அவர் காதில் 'பழம் உண்டா' என்று விழுந்ததோ என்னவோ, "ஆமா மாமா, ரெண்டு சீப்பு இருக்கு" என்று பழத்தைக் கொண்டு வந்து கொடுத்தார்.

நான் பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. நாலு பேரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு இலை முன்னால். முதல் வாயை வைத்தார், நிறுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. அந்த நரம்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

"இதென்ன கொழம்பா, கழனித் தண்ணியா?" சுவர் அதிர்ந்தது. கை இலையை வாரி எறிந்தது. இலை எங்கே பறக்கும், அப்படியே மடங்கி அவர் மடியிலேயே கொட்டியது. குழம்பு வேட்டியில் வழிந்து தரைக்குச் சொட்டியது. வேறு வீடாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

சிரிக்கவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டன.

மகள் எழவில்லை. சோற்றில் இருந்த கையை எடுக்காமல், முகம் வெளுத்துப்போய், தாத்தாவை நேராகப் பார்த்துச் சொன்னாள். "தாத்தா, எனக்குப் பயமா இருக்கு."

அந்த வார்த்தையை அப்பா முன்னால் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான், தம்பி, அம்மா ஒருத்தரும் சொன்னதில்லை. அப்பா கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார்.

"கோவம் என் மேலயா தாத்தா?"

"உன் மேல எனக்கென்ன ஆத்தா கோவம்?"

"அம்மா மேலயா?"

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு, "இல்ல" என்றார்.

"அப்ப எது மேல?"

அப்பா வாயைத் திறந்தார். டிப்போவும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. அவர் ரிட்டயர்டாகியே பல வருஷமாகிவிட்டது. ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு தேடினார். பாவமாக இருந்தது, அவர் உண்மையாகவே தேடினார்.

"தெரியல தாயி" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! தெரியலையா? என் சின்ன வயது முழுக்க அந்தக் காரணத்தை என் ஜடையிலும் மார்க்கிலும் துழாவிக்கொண்டிருந்தேனே, அவருக்கே தெரியாதா? நான் அடுப்படி வாசலில் நின்று, "எனக்கும் பயமா இருந்துச்சுப்பா" என்றேன். ஆத்திரத்தில்தான் ஆரம்பித்தேன், வாயிலிருந்து வந்தபோது அது ஈனக்குரலாக இருந்தது.

வீட்டுக்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னம்மா சொன்ன? கேக்கல" என்றார்.

ஒருதடவை சொன்னதே பெரிய பாடு. மறுபடி சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதுவும் அவருக்குக் கேட்கிற மாதிரி.

"எனக்கும் பயமா இருந்துச்சுன்னேன்! சின்னப்புள்ளைல இருந்து! அப்பாவக் கண்டா!"

எதிர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் தடுக்கவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணாலும் செய்யாத கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"இப்பவுமா?" என்றார்.

"இப்பவும்தான்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆள் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. குழம்புக் கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, தன் பக்கத்தில் இருந்த நாற்காலியை எனக்காக இழுத்து விட்டார். சத்தம் வராமல், தரையில் உரசாமல், தூக்கி இழுத்தார். நான் போய் உட்கார்ந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.